சிவப்புக்குப் பழகுதல்

என் சட்டைக் கழுத்தில் குத்தியிருக்கும் பட்டனில் பச்சை எரிந்தால், நான் சொல்வதை நானே நம்புகிறேன் என்று அர்த்தம். சொல்வது சரியா தவறா என்பது வேறு விஷயம். அது பட்டனுக்குத் தெரியாது. குரலையும் தோலையும் நாடியையும் படித்து, இந்த ஆள் மனதில் இருப்பதைத்தான் வாயால் சொல்கிறாரா என்பதை மட்டும் அது காட்டும். மஞ்சள் எரிந்தால் தயங்குகிறார். சிவப்பு எரிந்தால் பொய்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடும்.

மெய்ப்பதிவுத் திட்டம் கோயமுத்தூருக்கு வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். நல்லாயிருக்கும் மோட்டாரைக் காயில் கருகிவிட்டது என்று கழற்றிக்கொண்டு போகிறவர்களும், ஒழுகாத குழாயை ஒழுக வைத்துவிட்டு மறுநாள் வருகிறவர்களும் ஊரில் இருந்தார்கள். எந்த எலக்ட்ரீஷியனை நம்புவது, எந்தப் பிளம்பரை வீட்டுக்குள் விடுவது என்று தெரியாமல் சனங்கள் தவித்தார்கள். பதிவு செய்துகொண்ட தொழிலாளி பட்டன் அணிந்து வருவார். அவர் சொல்வதற்கு விளக்கு சாட்சி. கட்டாயம் எதுவும் இல்லை, விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரலாம். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே அது பெரிய எழுத்தில் இருந்தது.

நான் விரும்பித்தான் சேர்ந்தேன். வயரிங் வேலைக்கு ஒரு பெண் போய் நின்றால், "கூட ஆம்பளை யாரும் வரலையா அம்மணி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பட்டன் எனக்காகப் பேசியது. "உங்க போர்டுல எர்த் இல்லீங்க, கொழந்தைங்க இருக்கற வீடு, மாத்தீறது நல்லது" என்பேன். பச்சை எரியும். மறுபேச்சு இல்லாமல் மாற்றச் சொல்வார்கள். அந்த ஆரம்ப மாதங்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பிறகு கேள்விகள் மாறின.

ஒரு வீட்டில் கீசரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா காப்பியை நீட்டியபடியே கேட்டார்: "நீங்க மேல் வீட்லயும் வேலை பாத்தீங்கல்ல? அவங்க ஏசி புதுசுங்களா, பழசு வாங்கி மாட்டுனதுங்களா?"

"பழசுதாங்க" என்றேன். பச்சை எரிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தால், அந்த ஊரில் மெய்யா பொய்யா என்று விளக்கு காட்டும் ஆட்கள் நாங்கள் மட்டும்தான். ஒவ்வொரு வீட்டின் சமையலறை வரை, குளியலறை வரை போய் வருகிறவர்களும் நாங்கள்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க மக்களுக்கு அதிக நாள் ஆகவில்லை.

பீளமேட்டில் நான் படிக்கும் மாலை வகுப்பில், சூப்பர்வைசர் லைசென்ஸுக்காக வருகிறவர்கள் எல்லோரும் பகலில் வேலை பார்ப்பவர்கள். என் பெஞ்சில் இர்பான் உட்காருவான். குனியமுத்தூர்க்காரன். பிளம்பர் வேலையோடு வயரிங்கும் கற்றுக்கொள்ள வந்தவன்.

"இப்பெல்லாம் என்னையக் கொழாய் பாக்கவே கூப்புடறதில்ல கோகிலா" என்றான் ஒரு நாள். "இன்னிக்கு ஒரு வீட்ல கொழாய் கல்லு மாதிரி இருக்கு. ஒரு சொட்டு ஒழுகல. அந்தப் பெரியவரு கதவச் சாத்தீட்டு, 'தம்பி, போன வாரம் எம் மருமகன் வீட்டு பாத்ரூம்ல வேலை பாத்தியே, சிகரெட்டு வாசம் அடிச்சுதா?'ங்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது? அடிச்சுது. பச்சை. வாஷர் மாத்துனாத்தான் கூலி, வாயத் தொறக்கறது இலவசம்."

"பதில் சொல்லாம இருந்தா?"

"மஞ்சள் எரியும். மஞ்சளே ஒரு பதிலுதான? 'ஓஹோ, அப்பச் சரி'ன்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. போதாததுக்கு, மஞ்சள் கூடுனா பதிவுப் பட்டியல்ல நம்ம பேரு கீழ எறங்கீரும்."

"வெலகீறலாம்ல? கட்டாயம் இல்லீல்ல."

இர்பான் என்னைப் பார்த்த பார்வையில் கேலிதான் இருந்தது. விலகலாம். விலகினால் பெயர் அழியாது. 'விலகியவர்' என்ற வரிசைக்குப் போய் அங்கேயே நிற்கும். எதை மறைக்க விலகினார் என்று யாரும் கேட்கமாட்டார்கள், வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். அடுக்ககங்களின் கேட் திறக்காது. எங்களோடு படித்த சுந்தர்ராஜ் அண்ணன் அப்படி விலகினார். இருபது வருடமாகப் பம்பு செட் பார்த்தவர், இப்போது பொள்ளாச்சியில் தீவன மூட்டை ஏற்றுகிறார்.

"செவப்பு எரிஞ்சா?" என்று கேட்டேன்.

"செவப்பா? ஒரே ஒரு தடவ எரியும். அதோட பட்டன் பூட்டிக்கும். ஆறு மாசத்துக்கு எந்த நெறமும் காட்டாது."

"ஏன்? பொய் சொல்லச் சொல்லச் செவப்பு காட்டீட்டே இருக்கலாமே?"

"அதுலதான் சங்கதியே. பொய் சொல்றவன் லைட்டப் பாத்துப் பாத்து, எப்புடிச் சொன்னா பச்சை வருதுன்னு பழகீருவான்ல? அதான் மொதத் தப்புலயே பூட்டிப்போடறாங்க. பேரு ஏமாத்துக்காரங்க பட்டியல்ல ஏறீரும். வெலகுனவன் பொழப்பாவது மூட்டை தூக்கறதோட போச்சு. இது அதவிட மோசம்."

நான் அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. வகுப்பு முடிந்து வந்ததும், அறையில் தனியாக, பட்டனைக் கழற்றாமல் கண்ணாடி முன்னால் நிற்பேன். 'இன்றைக்கு எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்தேன்' என்பேன். பச்சை. 'நான் நல்ல எலக்ட்ரீஷியன்' என்பேன். மஞ்சள். எத்தனை தடவை சொன்னாலும் மஞ்சள்தான். 'எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை' என்று சொல்ல வாயெடுத்து, சிவப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நாளில், விளக்கைப் பார்க்காமல் எனக்கு என்ன தோன்றுகிறது என்றே எனக்குத் தெரியாமல் போனது.

வடவள்ளி வீட்டுக்கு வருகிறேன்.

குழந்தைவேலு என்பவர் வீடு. கிரைண்டர் கம்பெனி வைத்திருந்தவர். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி ருக்குமணி அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் தாரணிக்கு என் வயதுதான் இருக்கும். ஃபேனை மாட்டி முடித்ததும், அவள் என்னைப் பாத்திர அலமாரிப் பக்கம் கூட்டிப்போனாள். பெரிய அண்டாவை நகர்த்தி, அதன் பின்னாலிருந்த சுவரைக் காட்டினாள்.

"இங்க ஒரு பிளக் பாயிண்ட் வேணும். எதுக்குன்னு கேக்காமப் போட்டுத் தருவீங்களா?"

அங்கேதான் நான் தவறு செய்தேன். சரி என்று சொல்லி ஒரு சாதாரணப் பாயிண்ட் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை நான் ஒருபோதும் மீறியதில்லை.

"லோடு என்ன, எதை மாட்டப் போறீங்கன்னு தெரியாம நான் ஒயர் எடுக்கறதில்லீங்க" என்றேன்.

அவள் ஒரு நிமிடம் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். போன் சார்ஜர். பிறந்த வீட்டோடு அதிகம் பேசுகிறாள் என்று மாமனார் அவள் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சர்டிபிகேட்டுகளும் அதே பீரோவில். கணவன் திருப்பூரில் கம்பெனியோடு கிடக்கிறான். கேட்டால், 'அப்பா சொன்னாக் கேட்டுக்க' என்கிறான். இது வேறு போன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மதியம் வீடியோவில் நேர்காணல்.

"கெடைச்சிருச்சுன்னா போயிருவேன். கெடைக்கலைன்னா இந்த அண்டாவுக்குப் பின்னாலயே இருந்துக்குவேன்" என்று சிரித்தாள்.

ருக்குமணி அம்மா தலை நிமிரவில்லை. அவருக்குக் காது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. நான் பாயிண்ட் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டேன் என்பது வண்டியை எடுத்த பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஹால் ஃபேன் சத்தம் போடுகிறதாம். பதிவு செய்தவர் குழந்தைவேலு.

கதவைத் திறந்தவரும் அவர்தான். நல்ல வெள்ளை வேட்டி, மெதுவான குரல். "வா அம்மணி, வா. மொதல்ல காப்பி குடி" என்றார். ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். சோபாவில் தாரணி உட்கார்ந்திருந்தாள். அவள் தானாக உட்காரவில்லை, உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. ருக்குமணி அம்மா ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

ஏணியில் ஏறி ஃபேனைச் சுற்றிப் பார்த்தேன். பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. சத்தமே வரவில்லை.

கீழே அவர் பேசிக்கொண்டிருந்தார். "இந்தப் புது மீட்டர் நல்ல மீட்டரு அம்மணி. எந்த நேரத்துல எவ்வளவு கரண்டு இழுக்குதுன்னு போன்லயே காட்டீருது. நாங்கெல்லாம் தூங்கற நேரத்துல மத்தியானம் ஒரு சின்ன லோடு ஏறுது. எறங்குது. என்னன்னு எனக்குப் புரியல. நீ எறங்கி வா, ஒண்ணு கேக்கோணும்."

நான் ஏணியிலேயே நின்றேன். கண்ணாடி முன்னால் நிற்பதைப் போலத்தான் இருந்தது, ஆனால் வெளியே போகக் கதவு இல்லை. அவர் கேட்டதும் உண்மையைச் சொன்னால் பச்சை எரியும், அண்டா நகரும். எதுவும் சொல்லாவிட்டால் மஞ்சள், அப்போதும் அண்டா நகரும். தெரியாது என்று சொன்னால் சிவப்பு. எதை மறைக்கப் பொய் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்துவிடும், அப்போதும் நகரும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தாரணி என்னைப் பார்க்கவில்லை. தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்விக்குப் பிறகு சொல்லும் எதுவும் உதவாது. கேள்விக்கு முன்னால் என்றால்?

இறங்கினேன். அவர் வாய் திறப்பதற்குள் நான் பேசினேன்.

"பெரியவரே, உங்க வீட்டு ஒயரிங் மொத்தமும் போச்சுங்க. பூராத்தையும் உருவிப் புதுசாப் போடோணும். இன்னிக்கே பண்ணலீன்னா வீடு பத்திக்கும்."

கழுத்துக்குக் கீழே ஒரு துடிப்பு. சிவப்பு என் மோவாயில் பட்டு, எதிரே ஷோகேஸ் கண்ணாடியில் தெரிந்தது. உடனே அணைந்தது.

குழந்தைவேலுவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் கறுத்தது. "அடிப்பாவி! பட்டன் போட்டுக்கிட்டே கொள்ளையடிக்கப் பாக்கறயா? நாலு மாசத்துக்கு முன்னாலதான் பூராம் புதுசாப் போட்டது!"

கத்திக்கொண்டே இருந்தவருக்குத் தான் எதற்குக் கூப்பிட்டோம் என்பது ஞாபகம் வந்தது. "இரு, இரு. போன தடவ சமையக்கட்டுல என்ன வேலையெல்லாம் பண்ணுன?"

"எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுனேனுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

அவர் என் கழுத்தைப் பார்த்தார். நிறம் ஒன்றும் வரவில்லை. கிட்டே வந்து, நின்றுபோன கடிகாரத்தைத் தட்டுவதைப்போல, ஒரு விரலால் பட்டனைத் தட்டிப் பார்த்தார். பிறகு வாசலைக் காட்டினார்.

ஏணியை மடித்துத் தூக்கும்போது தாரணி நிமிர்ந்து பார்த்தாள். நன்றி எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. ஒரு திருட்டு எலக்ட்ரீஷியனைப் பார்க்கும் பார்வைதான் அது. ருக்குமணி அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே என் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. மறுநாள் ஒப்புக்கொண்டிருந்த மூன்று வீடுகளும் ரத்தாயின. வழக்கமாகப் போகும் அடுக்ககத்தில் கேட் திறக்கவில்லை. காவலாளி அண்ணன் என்னைத் தெரிந்தவர்தான், தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பைத்தியமா நீ?" என்றான் இர்பான். "யாரு வீட்டுச் சண்டைக்கோ உன் பொழப்பக் கெடுத்துக்கிட்ட."

"அந்தப் புள்ளைக்காகத்தான் செஞ்சேன்."

அவன் கண் தானாக என் கழுத்துக்குப் போனது. பழக்கம். எனக்கும் அதே ஆசைதான். நான் அவளுக்காகத்தான் செய்தேனா, அல்லது 'விலகியவர்' ஆகாமல் வெளியே வர ஒரு வழி கிடைத்தது என்று செய்தேனா? சொல்லிப் பார்த்தால் தெரிந்திருக்கும். சொல்லிப் பார்க்க எதுவும் இல்லை.

வகுப்புக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். கட்டணம் முன்பே கட்டியாகிவிட்டது. சூப்பர்வைசர் லைசென்ஸ் வந்தாலும் யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாமல், டிரான்ஸ்பார்மர் படங்களை ஒழுங்காக வரைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த மாதத்தில் ஒரு நாள், வகுப்புக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் ருக்குமணி அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீதான அந்தச் செவப்புப் புள்ள? விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

அவர் குரலை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"தாரணிக்கு வேலை கெடைச்சிருச்சு கண்ணு. போன வாரம் விடியக்கருக்கல்ல போயிட்டா. நாந்தான் பீரோவத் தொறந்து சர்டிபிகேட்ட எடுத்துக் குடுத்தேன். நாந்தான் வெளிக்கதவத் தொறந்து விட்டேன். ஓசூர்ல எந்த ஆஸ்டல்ல இருக்கறான்னும் எனக்குத் தெரியும்."

சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"உங்களை அவருக்குச் சந்தேகம் வரலீங்களா?" என்று கேட்டேன்.

"முப்பது வருசத்துல என்னைய ஒண்ணும் கேட்டதில்ல அவரு. இப்பத்தான் கேக்கப் போறாரு." பையைத் திறந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்தார். 'குடும்ப மெய்ப்பதிவு' என்று இருந்தது. பட்டன் அணிந்த அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கீழே: கட்டாயம் இல்லை, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்.

"கையெழுத்துப் போடுன்னாரு. போட்டுட்டேன். திங்கக்கெழமை பட்டன் வந்துருமாம். ஒறம்பரை சொந்தமெல்லாம் கூப்புட்டு, நடு ஹால்ல வெச்சுக் கேக்கப் போறாராம், அவ எங்கிருக்கான்னு." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "அன்னிக்கு நீ ஒண்ணு பண்ணுனியே. துணி மடிக்கறப்பப் பாத்துட்டேதான் இருந்தேன். அத எனக்குச் சொல்லிக் குடு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்த பஸ்ஸை அவர் விட்டுவிட்டார்.

"அவரு கேக்கறதுக்கு முன்னாலயே நீங்க பேசீறோணுமுங்க" என்றேன். "பட்டனைக் குத்துன ஒடனே, மொத வார்த்தையே முழுப் பொய்யா இருக்கோணும். பாதி நெசம் கலந்தா மஞ்சள்தான் வரும். மஞ்சள் வந்தா மாட்டிக்குவீங்க. செவப்பு வந்திருச்சுன்னா பூட்டிக்கும். அதுக்கப்பறம் அவரு என்ன கேட்டாலும் நெறம் வராது."

"ஒரு தடவை செஞ்சு பாத்துக்கலாமா?"

"முடியாதுங்க. ஒரே தடவைதான். வேணும்னா வாயால சொல்லிப் பாருங்க, நான் கேக்கறேன்."

"நேத்து எங்க வீட்ல பணியாரம்" என்றார். சொல்லிவிட்டுக் குழந்தைபோலச் சிரித்துவிட்டார்.

"இது வேண்டாமுங்க. சிரிச்சா மஞ்சளாயிரும். நெசம் என்னன்னு உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரியற விஷயமா எடுத்துக்குங்க. அதுக்கு நேரெதிராச் சொல்லுங்க."

அவர் பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். ரோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு மனுசன் கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கோணும்."

குரல் நடுங்கவில்லை. கண் இமைக்கவில்லை. முகத்தில் அளவாக ஒரு புன்னகைகூட வந்தது; கல்யாண வீடுகளில், வாசலில் நின்று பேசும் உறவுக்காரர்களிடம் வருமே, அந்தப் புன்னகை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அது பொய்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடம் சொல்லிப் பழகியது அவருக்குள் என்ன நிறத்தில் எரியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சரியா வந்துச்சா கண்ணு?"

"இது வேண்டாமுங்க" என்றேன். "வேற ஒண்ணு சொல்லுங்க."

அடுத்த பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. பஸ் கிளம்பிப் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேற பொய் எனக்கு எதும் வராதே, சாமி."